பிறைக் கணக்கு

(காலிக் கதிரை: அத்தியாயம் பதினான்கு)

ஒரு கதிரைக்காக இவ்வளவு பாடா என்று நீங்கள் கேட்கலாம். ஜொஹறாவும் அதைத்தான் நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை.

விட்ட இடத்திலிருந்து தொடுப்போம். செட்டிகுளம் வீதியில் நெல் மில் வைத்திருந்த மீராசாகிபு, போன தேர்தலில் சுயேச்சைக் குழு ஒன்றுக்குத் தலைவராக நின்று பிரதேச சபைக்குப் போனார். குழுவுக்குக் கிடைத்தது ஒரேயொரு ஆசனம். அதுவும் இந்தப் பக்கத்து முஸ்லிம் ஆட்களின் வாக்கையும் பக்கத்துப் பாலையடிக்குளத்துத் தமிழ் ஆட்களின் வாக்கையும் ஒன்றாகக் கூட்டியதால் வந்தது. பதவிக்காலம் பாதிகூட ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை, மில்லிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்த மனிதர் கை கழுவிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். சாய்ந்தவர்தான், எழும்பவில்லை.

ஆசனம் காலி. அடுத்து யாரைப் போடப் போகிறீர்கள் என்று தேர்தல் கந்தோர் குழுத் தலைவரைக் கேட்டது. குழுத் தலைவரோ மையவாடியில் அடக்கம். அவருக்கு அடுத்த ஆள் கதிர்காமநாதன். பாலையடிக்குளத்துக் கமக்காரர், மீராசாகிபுவின் நெடுநாள் சிநேகிதர். அவர் தயாளினி என்ற முன்பள்ளி ஆசிரியையின் பெயரைக் கொடுத்தார். முதல் பாதி எங்களுக்கு, மற்றப் பாதி உங்களுக்கு என்று மீராசாகிபு சொல் தந்தவர் என்றார்.

மீராசாகிபுவின் மகன் நிஸார் விட்டானா? அவனுடைய பெயரும் அந்த வேட்பாளர் பட்டியலில் கிடந்தது. இளைஞர் பங்கை நிரப்ப வாப்பா போட்ட பெயர். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, தலைவர் இல்லாத குழுவில் பெயர் கொடுக்கக் கதிர்காமநாதனுக்கு அதிகாரமும் இல்லை என்று சத்தியக் கடதாசி முடித்து, வழக்குப் போட்டு, தடை உத்தரவும் வாங்கிவிட்டான். அன்றையிலிருந்து இரண்டு ஊரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

நாளை வியாழக்கிழமை வவுனியாவில் விசாரணை. இன்று புதன்.

மீராசாகிபுவின் மனைவி ஜொஹறா வழக்கம்போலக் களைப்போடுதான் எழும்பினாள். இத்தாவில் இருக்கிற மனுஷிக்கு என்ன களைப்பு என்று கேட்கக்கூடாது. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளைச் சீலையோடு, வீட்டு வாசல் தாண்டாமல், அந்நிய ஆண்களின் பார்வையில் படாமல் இருக்க வேண்டும். இருந்தாள். நோன்பும் பெருநாளும் இந்த அறைக்குள்ளேயே வந்து போயின. அது அவளுக்குப் பாரமாக இருக்கவில்லை. அந்த மனிதரை நினைத்து அழ அவளுக்கு ஒரு மூலை தேவைப்பட்டது, அது கிடைத்தது.

வருகிற பெண்கள்தான் பாரம். முதல் மாதம் மௌத்தைப் பற்றிக் கதைத்தார்கள். இரண்டாம் மாதம் மில்லைப் பற்றி. இப்போது கதிரையைப் பற்றி மட்டும்.

"மாமி, தேத்தண்ணி." மருமகள் நஃப்லா கோப்பையை யன்னல் திட்டில் வைத்தாள். "அவர் உங்களோட கதைக்க வேணுமாம்."

நிஸார் பின்னாலேயே வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தான். கண்கள் சிவந்திருந்தன. சுபஹு தொழுத கையோடு மில்லுக்குப் போய்விட்டு வருகிறான் போல, சேட்டில் உமித் தூசி.

"நெல்லு வந்ததோ மவன்?"

"எங்க வாறது? காலபோக வெட்டு முடிஞ்சு, நெல்லு குவியிற காலம். பாலையடிக்குளத்து ட்ரக்டர் எல்லாம் எங்கட கேற்றுக்கு முன்னால விறாப்பாப் போகுது, டவுன் மில்லுக்கு." அவன் கையை உதறினான். "அதை விடுங்கோ உம்மா. பத்து மணிக்கு லோயர் வாறார். நீங்கள் ஒரு ஒப்பம் வைச்சாக் காணும்."

"என்ன ஒப்பம்?"

"பேச்சு நடந்தது எண்டு அவங்கள் சொல்லுற அண்டைக்கு இந்த வீட்டில இருந்த ஆக்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு நீதிபதி சொல்லியிருக்கிறார். நீங்கள் இத்தாவில, வர ஏலாது. அதுக்குப் பதிலா ஒரு சத்தியக் கடதாசி. லோயர் வாசிச்சுக் காட்டுவார்."

ஜொஹறா கோப்பையைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை. நாலு மாதத்தில் ஒரு நாளாவது இந்தப் பிள்ளை வந்து, உம்மா, அப்படி ஏதும் பேச்சு நடந்ததா என்று கேட்டானா? இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காமலே சத்தியம் பண்ணிவிட்டு வந்து நிற்கிறான்.

---

சட்டத்தரணி ராஜரத்தினம் நேரத்துக்கே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், தொண்டை கட்டிய குரல், மரியாதையான மனிதர். கூடவே ஒப்பத்தை அத்தாட்சிப்படுத்த ஒரு சமாதான நீதவானையும் கூட்டி வந்திருந்தார். இருவரும் முன் அறையில் இருந்தார்கள். ஜொஹறா பச்சைத் திரைக்கு இந்தப் பக்கம், பாயில்.

"அம்மா, நான் வாசிக்கிறன், நீங்கள் ஆறுதலாக் கேளுங்கோ." கடதாசி சரசரத்தது. "'காலஞ்சென்ற எனது கணவர், மேற்படி ஆசனத்தைப் பங்கிடுவது தொடர்பில் எவருடனும் எக்காலத்திலும் எவ்வித உடன்பாட்டுக்கும் வரவில்லை என்பதை நான் அறிவேன்...'"

ஜொஹறா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதே திரைதான். போன தேர்தலுக்கு முந்திய நோன்பு மாதம், நோன்பு திறக்கிற நேரம், கதிர்காமநாதனும் தயாளினியும் வந்திருந்தார்கள். நிஸார் அன்று கொழும்புக்கு லொறி கொண்டு போயிருந்தான். கஞ்சிக் கோப்பைகளைத் திரைக்குள்ளால் நீட்டியவள் இவள்தான்.

"முதல் பாதி நான் இருக்கிறன் கதிர். மற்றப் பாதி இந்தப் பிள்ளை இருக்கட்டும். என்ர ஆக்களும் உங்கட ஆக்களும் சேர்ந்து போடுறதெண்டால் அதுதான் நேர்மை." மீராசாகிபுவின் குரல் அவளுக்கு இப்போதும் கேட்கிறது.

"எழுதி வைப்பமோ?" என்று கேட்டவள் தயாளினி.

"நோன்பு திறந்த வாயால சொல்லுற மனிசனிட்ட எழுத்து என்னத்துக்குப் பிள்ளை?" என்று சிரித்தவர் கதிர்காமநாதன்.

அங்கேதான் பிழை நடந்தது. இரண்டு பெரிய மனிதர்கள், ஆளுக்கு ஆள் அவ்வளவு நம்பிக்கை, ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. அவர்கள் போனபிறகு, நிஸாருக்குச் சொல்ல வேண்டாமா என்று இவள் கேட்டாள். நேரம் வரட்டும், நானே சொல்லுகிறேன் என்றார் மீராசாகிபு. நேரம் வந்தது, வேறு விதமாக.

"அம்மா?" என்றார் ராஜரத்தினம். "கேட்டதோ?"

"கேட்டது ஐயா. நான் அறிவேன் எண்டு எழுதியிருக்கிறீங்கள். நான் அறிஞ்சதை என்னட்டக் கேளாம ஆர் எழுதினது?"

முன் அறையில் சமாதான நீதவான் மட்டும் பிஸ்கட்டைக் கடித்தார்.

"உம்மா!" என்றான் நிஸார்.

"இல்லைத் தம்பி, அம்மா கேக்கிறது நியாயம்." ராஜரத்தினத்தின் குரல் இறங்கியது. "மகன் சொன்னதை வைச்சு எழுதினனான். உங்களுக்குத் தெரிஞ்சதெண்டால் மட்டும் ஒப்பம் வையுங்கோ. நான் ஒருத்தரையும் நெருக்கிறேல்லை."

"எனக்குத் தலை இடிக்குது ஐயா. இண்டைக்கு ஏலாது."

அது பொய்யில்லை. உண்மையிலேயே தலை இடித்தது.

ராஜரத்தினம் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார். வாசலுக்கு நடந்தபடியே நிஸாரிடம் சொன்னது திரைக்குள்ளும் கேட்டது. "யோசிக்காதை. அம்மா சனிக்கிழமை வரைக்கும் இத்தாவில எண்டு நான் ஏற்கெனவே கோட்டுக்குச் சொல்லிப்போட்டன். நாலு மாதமும் பத்து நாளும், எண்ணிப் பார்த்தனான். நாளைக்கு அவையும் அம்மாவைக் கூப்பிட ஏலாது. அவையிட்ட வேற சாட்சி இல்லை. நாளையோட கட்டளை வந்திடும்."

குசினி வாசலில் தட்டத்தோடு நின்ற நஃப்லா அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய கண்கள் ஜொஹறாவைத் தேடி வந்தன.

சனிக்கிழமையா?

இத்தாவைப் பிறையால் எண்ணுவார்களே ஒழிய, சுவரில் தொங்குகிற கலண்டரால் எண்ணுவார்களா? பிறை மாதம் ஒன்று முப்பதுக்கு வரும், இன்னொன்று இருபத்தொன்பதோடு முடியும். நாலு மாதம் சேர்ந்தால் இங்கிலீசு மாதக் கணக்குக்கு முந்திவிடும். ஜொஹறா ஒவ்வொரு பிறையையும் இந்த யன்னலால் பார்த்து எண்ணிவந்தவள். கணக்கு இன்றோடு சரி. மஃரிபு பாங்கோடு இத்தா முடிகிறது.

ராஜரத்தினத்துக்கு அது தெரிய நியாயமில்லை. நிஸார்? பிறை பார்த்துப் பெருநாள் எடுக்கிற வீட்டில் பிறந்த பிள்ளை. போனில் தட்டிப் பார்த்துத் திகதி சொல்லியிருக்கிறான். அட பாவி மவனே.

நஃப்லா ஒன்றும் சொல்லவில்லை. ஜொஹறாவும் சொல்லவில்லை.

---

லோயரின் கார் வளவைத் தாண்டியதும் நிஸார் திரையை விலக்கிக்கொண்டு வந்தான்.

"ஏன் உம்மா வைக்கேல்ல? ஆக்களுக்கு முன்னால என்னை அவமானப்படுத்துறியளே!"

"இரு மவன்."

"இருக்க நேரமில்லை. அந்த ஆள் நாளைக்கு..."

"எந்த ஆள்? கதிர் மாமா எண்டு கூப்பிட்டுத்தானே வளர்ந்தனீ?"

அவன் பாயின் ஓரத்தில் இருந்தான்.

"நான் கேட்டனான் நிஸார். என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான். இந்தத் திரைக்குப் பின்னால நிண்டு. வாப்பா சொல் குடுத்தவர். பாதி அவங்களுக்கு எண்டு தெளிவாச் சொன்னவர்."

நிஸார் சுவரைப் பார்த்தான். பிறகு நிலத்தை. அவன் முகத்திலிருந்து கோபம் வடிந்து, வேறொன்று வந்தது. பயம். சின்ன வயதில் மில் மோட்டாரைக் கெடுத்துவிட்டு வந்து நின்றபோது வந்த அதே முகம்.

"வாப்பா எனக்குச் சொல்லேல்லையே," என்றான்.

"சொல்ல இருந்தவர்."

"நான் சத்தியக் கடதாசி குடுத்திட்டன் உம்மா. நடக்கேல்ல எண்டு. நீங்கள் இப்ப நடந்தது எண்டு சொன்னால், நான் கோட்டில பொய்ச் சத்தியம் பண்ணின ஆள். தெரியுமோ அது என்னெண்டு? உள்ளுக்குப் போடுவாங்கள்."

"தெரியாமத்தானே சொன்னனீ?"

"ஆர் நம்புவான்?" அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். "நான் எனக்காகவோ கேக்கிறன்? புத்தளத்து அகதி முகாமில இருந்து திரும்பி வந்த எங்கட சனம் இன்னும் காணி பெமிற் இல்லாம அலையுது. எங்கட பக்கத்தில இருந்து கதைக்க அங்க ஒரு ஆளும் இல்லை. அந்த ஒரு ஆசனத்திலதான் சபைத் தவிசாளரிட பதவியே தொங்குது. சபையில ரெண்டு பக்கமும் எனக்கு ஃபோன் எடுக்கிறாங்கள் உம்மா. இப்ப கேட்டாத் தருவாங்கள். தயாளினி வந்தா எங்களுக்கு என்ன?"

"தயாளினிக்கு எங்கட சனமும்தான் போட்டது."

"நான் உங்களிட்ட அதைக் கேக்கேல்ல." அவன் எழும்பினான். குரல் கெஞ்சலாக மாறியது. "ஒப்பம் வைக்க வேண்டாம். பரவாயில்லை. ஆனா நாளைக்கு மட்டும் வாயைத் திறவாதேங்கோ. எப்படியும் சனிக்கிழமை வரைக்கும் உங்களால வெளியில வர ஏலாதுதானே. எனக்குச் சொன்னதையும் சொல்லேல்ல எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. என்ர உம்மா இல்லையா?"

அவன் போய்விட்டான். மோட்டச் சைக்கிள் கிளம்பிய சத்தம் கேட்டது.

ஜொஹறா அப்படியே பாயில் சரிந்தாள். போதும் என்றிருந்தது. சபையும் வேண்டாம், வழக்கும் வேண்டாம், சனிக்கிழமை வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தால் எல்லாம் தன்பாட்டில் முடிந்துவிடும். யாருக்கும் துரோகம் பண்ணத் தேவையில்லை, சும்மா இருந்தாலே காணும். அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்றால் சொல்லாமல் இருக்கலாம், அல்லாஹ் என்ன கோட்டில் சாட்சி கேட்கவா போகிறான்?

உடனே அவளுக்குத் தன்மேலேயே வெட்கம் வந்தது. ஆனாலும் எழும்பவில்லை. அவ்வளவு அலுப்பு.

---

பகல் தொழுகைக்குப் பிறகு வாசலில் ஓட்டோ நின்றது. நஃப்லா எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"மாமி, பாலையடிக்குளத்து அன்ரி."

கமலாசனி, கதிர்காமநாதனின் மனைவி. வழக்குப் போட்ட நாளிலிருந்து இந்தப் பக்கம் தலைகாட்டாதவள். கதிர்காமநாதன் இந்த அறைக்குள் வர முடியாது. லோயர்மாரும் திரைக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் கமலாசனி ஒரு பெண்பிள்ளை. வர வேண்டுமென்றால் என்றைக்கும் வந்திருக்கலாம். வரவில்லை என்று ஜொஹறா எத்தனை நாள் மனதுக்குள் கறுவியிருக்கிறாள்.

"எருமைத் தயிர்," என்று முட்டியை நஃப்லாவிடம் நீட்டினாள் கமலாசனி. "சித்திரை வருசத்துக்கு உறைய வைச்சது முடிஞ்சுது. இது நேற்று வைச்சனான், புளிக்கேல்லை."

பிறகு ஜொஹறாவுக்குப் பக்கத்தில் பாயிலேயே இருந்தாள். காற்றாடி கடகடத்தது.

"நல்லா வாடிப் போனியள் ஜொஹறா."

"நீங்களும்தான் கமலாக்கா."

"எனக்கு வயசு." கமலாசனி சீலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "வராமல் இருந்ததுக்குக் கோவிக்காதேங்கோ. நான் வந்தால், சாட்சி சொல்லச் சொல்லிக் கேக்க வந்தனான் எண்டு உங்கட பெடியன் நினைப்பான். நீங்களும் நினைப்பியள். அதுதான்."

"இண்டைக்கு அதைக் கேக்கத்தான் வந்தனீங்களோ?"

"இல்லை." கமலாசனி நேராகப் பார்த்தாள். "கேக்காதை எண்டு அவர் சொல்லிவிட்டவர். நாளைக்கு அவர் வழக்கை விடப் போறார். தயாளினியின்ர பெயரையும் திருப்பி எடுக்கப் போறார்."

ஜொஹறா நிமிர்ந்து இருந்தாள். "ஏன்?"

"அந்த நேரம் வீட்டில ஆர் இருந்தது எண்டு எங்கட லோயரும் துருவித் துருவிக் கேட்டவர். உங்கட பெயரைச் சொல்லுங்கோ, அந்த மனிசி பொய் சொல்லாது எண்டு நானும் இவருக்குச் சொன்னனான். அதுக்கு இவர் என்னோட கத்தினார். 'அந்த மனிசன் செத்து, மனிசி அறைக்குள்ள இருக்கேக்க, அதைக் கோட்டில இழுத்து, பெத்த பிள்ளைக்கு எதிரா நிப்பாட்டுறதோ? ஒரு கதிரைக்கோ?' எண்டார். அண்டையில இருந்து சாப்பாடும் சரியில்லை. தயாளினி அழுதுகொண்டு திரியிறாள். வீடு வீடா ரெண்டு ஊரிலயும் ஏறி இறங்கினவள் அவள்தானே. எங்கட ஊர்ப் பெடியள், இனி உவையோட ஒரு காரியத்திலயும் சேரமாட்டம் எண்டு நிக்கிறாங்கள். சரி, என்ன செய்யிறது? உங்களை ஒண்டும் யோசிக்க வேண்டாமாம். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஓட்டோக்காரன் நிற்கிறான் என்று எழும்பிவிட்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. குத்தலாக ஒரு சொல் இல்லை.

அதுதான் ஜொஹறாவைக் கொன்றது. வந்து திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுப் படுத்திருப்பாள். செத்துப்போன மனிதரின் மரியாதையைக் கதிர்காமநாதன் காப்பாற்றப் பார்க்கிறார், பெற்ற பிள்ளையோ அதே மரியாதையைக் கோட்டில் அடகு வைத்துவிட்டு வந்து நிற்கிறான். ஜனாஸா அடக்கிய அன்று மையவாடி மதிலுக்கு வெளியே, சுட்ட வெயிலில், எல்லாரும் கலையும் வரை அந்த மனிதர் நின்றாராம். மற்றவர்கள் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும்.

நாளைக்கு அவர் வழக்கை விட்டால் என்ன ஆகும்? மீராசாகிபு அப்படி ஒரு சொல்லே கொடுக்கவில்லை என்று ஆகும். கதிர்காமநாதன் பொய்யன் என்று ஆகும். இரண்டு ஊரும் இனி இரண்டு ஊர்தான். இதை அறிந்த ஒரே ஆள் இந்த வீட்டில் படுத்துக் கிடந்தாள் என்பது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரியும்.

அஸர் தொழுதுவிட்டு நெடுநேரம் முசல்லாப் பாயிலேயே இருந்தாள். என்ன துஆ கேட்பதென்று தெரியவில்லை. பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்டாள். அவனுடைய வாப்பாவையும் காப்பாற்று என்று கேட்டாள். இரண்டையும் ஒன்றாகக் கேட்கலாமா என்று யோசித்தாள்.

பிறகு எழும்பி, "மவள் நஃப்லா," என்று கூப்பிட்டாள். "குளிக்கத் தண்ணி அள்ளி வை. மஃரிபு பாங்கு சொன்னதும் குளிக்க வேணும்."

நஃப்லா அசையாமல் நின்றாள். "மாமி... அவருக்குச் சொல்லட்டோ? இத்தா இண்டையோட முடியுது எண்டு?"

"காலமையில இருந்து உனக்குத் தெரியும்தானே. ஏன் சொல்லேல்ல?"

நஃப்லாவின் கண்கள் நிறைந்தன. "தெரியா மாமி."

"நான் சொல்லிக்கொள்ளுறன். நீ தண்ணியை அள்ளு. அலுமாரியில அந்த நாவல் நிறச் சீலை கிடக்கும், அதையும் எடுத்து வை."

---

பாங்கு சொன்னது. ஜொஹறா குளித்தாள். தலையில் விழுந்த முதல் வாளித் தண்ணீருக்கு உடம்பு நடுங்கியது. நாலு மாதத்து வெள்ளையைக் கழற்றிப் போட்டபோது, அந்த மனிதர் இன்னொரு தடவை வீட்டை விட்டுப் போவது போல இருந்தது. குளியலறைக்குள்ளேயே நின்று அழுதாள். யாருக்கும் கேட்காமல் அழத் தேவையில்லை என்று நினைத்து, சத்தமாகவே அழுதாள்.

தொழுதுவிட்டு, நாவல் நிறச் சீலையோடு முன் அறைக்கு வந்தாள். திரையைச் சுருட்டிக் கட்டினாள். மீராசாகிபு சாய்ந்த கதிரை மூலையில் கிடந்தது. அதை விட்டுவிட்டு மற்றதில் இருந்தாள். வாசலுக்கு நேரே, வேப்ப மரத்துக்கு மேலே, நிலா முழுசாக ஏறியிருந்தது.

பள்ளிவாசலிலிருந்து வந்த நிஸார் தொப்பியைக் கழற்றியபடி உள்ளே காலை வைத்தவன், அப்படியே நின்றான்.

"உம்மா? என்ன இது? இன்னும் சனிக்கிழமை ஆகேல்லையே!"

"சனிக்கிழமை எண்டு ஆர் சொன்னது?"

"லோயர்..."

"அவருக்கு ஆர் சொன்னது? நீ சொன்னனீ, நாலு மாதமும் பத்து நாளும் எண்டு. அவர் பாவம், கலண்டரைப் பார்த்து எண்ணியிருக்கிறார். நீ அந்தா நிக்கிறதைப் பார்த்து எண்ணியிருக்க வேணும்." ஜொஹறா வாசலுக்கு வெளியே கை காட்டினாள்.

நிஸார் திரும்பி நிலாவைப் பார்த்தான். விளங்கிவிட்டது. தொப்பி கையிலேயே கசங்கியது.

"நாளைக்கு வரப் போறியளோ?"

"வரப்போறன்."

"எனக்கு எதிரா?"

"உனக்கு எதிரா இல்லை மவன். இஞ்ச வா, இதில இரு." அவன் வரவில்லை. ஜொஹறா தொடர்ந்தாள். "கதிர் மாமா நாளைக்கு வழக்கை விடப் போறாராம். என்னைக் கோட்டில ஏத்தக்கூடாதாம், உன்னோட என்னைப் பகைக்க வைக்கக்கூடாதாம். கமலாக்கா வந்து சொல்லிப்போட்டுப் போறா. அப்படிப்பட்ட மனிசனைப் பொய்யனாக்கிப்போட்டு, அந்தக் கதிரையில நீ இருந்தால் உனக்கு நித்திரை வருமோ?"

"அப்ப நான் பொய்யனாகட்டும், அப்படித்தானே?" அவன் கத்தினான். "உங்களுக்கு அவங்கள்தான் பெரிசு!"

"கத்தாதை. நான் களைச்சுப்போய் இருக்கிறன், என்னால கத்த ஏலாது." உண்மையிலேயே அவளுடைய குரல் எழும்பவில்லை. "நீ அண்டைக்குச் சத்தியம் பண்ணினது தெரியாமப் பண்ணினது. அது பிழை, பொய் இல்லை. இண்டைக்குக் காலமை நான் உனக்குச் சொல்லிப்போட்டன். இனிச் சொல்லாம இருந்தாத்தான் அது பொய். நாளைக்கு நான் எழும்ப முதல் நீ எழும்பு. வாப்பா சொன்னது எனக்குத் தெரியாது, இப்பத்தான் உம்மா சொன்னவா எண்டு நீதிபதியிட்டச் சொல்லு. நீ சொன்னால் நான் வாயே திறக்கத் தேவையில்லை. உன்னோட வந்து இருந்திட்டு, உன்னோட திரும்பி வாறன்."

"சொல்லாட்டி?"

ஜொஹறா அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தைத்தான் பத்து மாதம் சுமந்து பெற்றாள்.

"சொல்லாட்டி நான் சொல்லுவன்."

நிஸார் மேசையில் கிடந்த வண்டித் திறப்பை எடுத்தான், இறங்கிப் போனான். மோட்டச் சைக்கிள் உறுமிக்கொண்டு கேற்றைத் தாண்டியது.

நஃப்லா வாசலுக்கு ஓடினாள். "எங்க போறார் மாமி?"

அவர்களுடைய வீதி போய் முட்டுகிற சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் வவுனியா, ராஜரத்தினத்தின் வீடு. வலப்பக்கம் திரும்பினால் பாலையடிக்குளம். இருவரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். சத்தம் சந்தி வரை போனது. அங்கே நின்றது. அணைக்கவில்லை, திரும்பவும் இல்லை. இயந்திரம் சும்மா உறுமிக்கொண்டே இருந்தது.

ஜொஹறா வாசலடியில் குனிந்து, நாலு மாதமாகத் தூசி பிடித்துக் கிடந்த தன்னுடைய செருப்பை எடுத்தாள். சீலைத் தலைப்பாலேயே துடைத்தாள்.

"நாளைக்கு இவன் கூட்டிக்கொண்டு போகமாட்டான் போல கிடக்கு," என்றாள். "காலமை முதல் பஸ் எத்தினை மணிக்கு மவள்?"

நஃப்லா இன்னும் சந்திப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், தன்னுடைய செருப்பையும் எடுத்துக்கொண்டு வந்து மாமியின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறரைக்கு மாமி. நானும் வாறன்."